ராணி பாஸ் போட்ட மாந்தோப்பு

கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட ஒரு அபார்ட்மென்ட். அதில் இரண்டாவது மாடியில் இருக்கும் இருதயராஜ் ஒரு இடத்தை 'ஓகே' என்று சொல்லிவிட்டால், பிள்ளைகுட்டிகளோடு கண்ணை மூடிக்கொண்டு போய் அங்கே கூடாரம் போட்டுத் தங்கலாம். 'ரிஜெக்ட்' என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். அப்புறம் அந்த இடத்தின் வீடியோவை யார் கொண்டுவந்து காட்டினாலும் மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இந்த விஷயத்தில் அவரை யாரும் குறை சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்வதில்லை. அவராகத்தான் தன்னைச் சொல்லிக்கொள்கிறார்.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்கிற கம்பெனி ஒன்றில் முப்பத்தாறு வருஷம் தரம் பார்த்தார். வருகிற போல்ட்டை எடுத்து கேஜுக்குள் விட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேஜ் என்றால் சரியான அளவுக்குக் கடைந்து வைத்த ஒரு இரும்பு வளையம். உள்ளே போனால் ஓகே, போகாவிட்டால் ரிஜெக்ட். முப்பத்தாறு வருஷம் ஒரே வேலையைச் செய்தால் அது கையோடு நிற்குமா, புத்திக்குள்ளும் இறங்கிவிடும். தக்காளி வாங்கினாலும் சரி, குழாய்க்காரர் வந்து குழாய் மாட்டினாலும் சரி, இருதயராஜ் ஒருமுறை பார்த்து முத்திரை குத்தினால்தான் அவருக்கு மனசு ஆறும்.

அந்த அபார்ட்மென்டில் பாதிப் பேர் சேலம், மதுரை, நெல்லை என்று பல ஊர்களிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். லிஃப்டையும் போனையும் தவிர வேறு எதையும் பார்க்காத பிள்ளைகளை நினைத்துக் கவலைப்பட்டு, குடியரசு தின லீவில் எல்லாரும் சேர்ந்து கேம்ப் போவது என்று ஒருமுறை முடிவு செய்தார்கள். போனில் போட்டோ பார்த்துப் பிடித்த இடம். போனால் பெண்கள் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே காவல் நிற்க வேண்டியிருந்தது. பக்கத்துக் கூடாரத்தில் பாட்டிலும் பாட்டுமாக ஒரு கும்பல். மூன்று வயதுக் குழந்தை ஒன்று சுவர் இல்லாத கிணற்றுப் பக்கம் போய், கடவுள் புண்ணியத்தில் திரும்பி வந்தது. ஊர் திரும்பியதும் அபார்ட்மென்ட் சங்கத்தின் செயலாளர் அகல்யா, அப்போதுதான் ரிடையராகியிருந்த இருதயராஜ் வீட்டுக் கதவைத் தட்டினாள். "சார், இனிமே நீங்க போய்ப் பாத்துட்டு சரின்னு சொன்னாத்தான் போறோம்."

அன்றிலிருந்து தை பிறந்ததும் அவருடைய பழைய ஆல்டோ கிளம்பிவிடும். ஏலகிரி, ஜவ்வாது மலை, பழவேற்காடு என்று நாலைந்து இடம் பார்ப்பார். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு, அதில் பதினான்கு கேள்வி. தாழ்ப்பாள் உள்ளேயிருந்து விழுகிறதா? குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே வேலி உண்டா? படி எத்தனை, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? குடித்துக் கூத்தடிக்கும் கும்பலை உள்ளே விடுகிறார்களா? பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்? போனில் சிக்னல் கிடைக்கிறதா? இப்படியே போகும். ஒன்றில் ரிஜெக்ட் விழுந்தாலும் இடம் அவுட். 'பிடித்திருக்கிறதா' என்று மட்டும் ஒரு கேள்வி அந்த நோட்டில் கிடையாது. போல்ட்டைப் பார்த்து யாரும் அதைக் கேட்பதில்லை அல்லவா.

கூடவே அவர் மனைவி ராணியும் வருவாள். சும்மா ஊர் சுற்ற இல்லை, வேலைக்கு. ராணிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தன. ராணி ஏறிய படியில் எந்த வயதானவரும் ஏறலாம். ராணி உட்கார்ந்து எழுந்த கக்கூஸில் யாரும் உட்கார்ந்து எழலாம். இதைவிட நல்ல கேஜ் இருதயராஜுக்கு எங்கே கிடைக்கும்? காரை விட்டு இறங்கியதும் "ராணி, போய்ப் பாத்துட்டு வா" என்பார். அவளும் போய்விட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வருவாள். சரியாக இருந்தால் "பரவால்ல" என்பாள். இல்லாவிட்டால் உதட்டைப் பிதுக்குவாள். அந்த அளவு ஒருநாளும் தப்பியதில்லை.

ஆனால் கேம்புக்கு ராணி ஒருதடவைகூடப் போனதில்லை. வேனில் இருபத்தாறு சீட்டு. கிளம்புகிற அன்று காலையில் யாருடைய மாமியாராவது, யாருடைய தங்கச்சியாவது ஊரிலிருந்து வந்து நிற்பார்கள். எல்லாரும் கையைப் பிசையும்போது ராணி தானாகவே இறங்கிவிடுவாள். "நான்தான் பாத்துட்டேனே. அவங்க போகட்டும்." அவளுக்குப் பிள்ளை இல்லை, ஆனால் அபார்ட்மென்ட் பிள்ளைகள் எல்லாருக்கும் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்துவிட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் நின்று கையாட்டுவாள். இருதயராஜ் போய்த்தான் ஆக வேண்டும், பொறுப்பு அவருடையது. ஒருவருஷம் அகல்யா மனசு கேட்காமல், "ஆன்ட்டி ஒருதடவையாவது வரட்டும் சார்" என்றாள். "கேஜை யாராவது போல்ட்டோட சேத்து பார்சல்ல அனுப்புவாங்களாம்மா?" என்றார் இருதயராஜ். வேன் முழுக்கச் சிரித்தது. கீழே நின்ற ராணியும் சிரித்தாள். அதில் சிரிப்பதற்கு என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மாந்தோப்பைப் பார்க்கப் போனதும் அப்படி ஒரு தை மாதம்தான்.

பூண்டிக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன ஏரியை ஒட்டிய தோப்பு. முனியனின் அப்பா, தாத்தா எல்லாம் அங்கே கூலி வேலை பார்த்தவர்கள். அவன் இப்போது அதே தோப்பைக் குத்தகைக்கு எடுத்து ஆறு கூடாரம் போட்டிருந்தான். சமையல் அவன் மனைவி நாகவல்லி. நோட்டும் டேப்புமாக இறங்கிய இருதயராஜைப் பார்த்து, "இன்னா சார், கெவர்மெண்டுலேர்ந்து வந்துகீறீங்களா?" என்றான் முனியன். இருதயராஜ் டேப்பை இழுத்து அளக்க ஆரம்பித்தார்.

ராணி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டாள். மாமரங்கள் இலை தெரியாமல் பூத்திருந்தன. காற்றடித்தபோதெல்லாம் பூ உதிர்ந்து அவள் தலையில் விழுந்தது. அவள் தட்டிவிடவில்லை. நாகவல்லி ஊற்றிய மீன் குழம்பை, பேச்சே இல்லாமல் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள். அப்புறம் புருஷனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இன்னைக்கு ஒரு ராத்திரி இங்கயே தங்கிடலாமா?"

"தங்குறதுக்கா வந்தோம்? செக்கிங்குக்கு வந்திருக்கோம்."

"மாத்துப் புடவைக்கு நாகவல்லிகிட்ட கேட்டுட்டேன். தரேன்னு சொல்லுது."

"உன் மாத்திரை?"

"பையில இருக்கு."

காலையில் கிளம்பும்போதே ராத்திரி மாத்திரையையும் சேர்த்து எடுத்து வந்திருக்கிறாள். பதினான்கு கேள்வி கேட்கத் தெரிந்த மனுஷனுக்கு, ஏன் எடுத்து வந்தாய் என்ற பதினைந்தாவது கேள்வி தோன்றவில்லை. "முதல்ல அந்தக் கக்கூஸைப் பாத்துட்டு வா" என்றார்.

போய்விட்டு வந்தாள். "பரவால்ல" என்றாள். எப்போதும் அதோடு நிறுத்திவிடுகிறவள், அன்று "நல்லாவே இருக்கு" என்றும் சேர்த்துச் சொன்னாள். அந்தக் கூடுதல் வார்த்தையில் இருதயராஜுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவளுடைய புடவை ஓரம் நனைந்திருந்தது, உள்ளங்கையில் சுண்ணாம்பு. நேராக உள்ளே போய்ப் பார்த்தார். தரையோடு பதித்த பீங்கான். பிடித்துக்கொள்ள ஒரு ஆணிகூட இல்லை.

"எப்படி எந்திரிச்சே?"

ராணி புடவை ஓரத்தைப் பிழிந்தாள்.

"நாகவல்லி தூக்கிவிட்டாளா?"

"ஒரு கை குடுத்துச்சு."

"அப்புறம் எதுக்குப் பரவால்லன்னு சொன்னே? உன்னை நம்பித்தானே நாப்பத்தெட்டு வீட்டுப் பொம்பளைங்களையும் கூட்டிட்டு வரேன். நாளைக்கு ஒருத்தி விழுந்து இடுப்ப ஒடிச்சிக்கிட்டா? கேஜே பொய் சொன்னா நான் எத வெச்சு அளக்கிறது?"

முனியனும் நாகவல்லியும் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இவ்வளவும் சொன்னார். ரிஜெக்ட் எழுதினார். கம்பெனி வழக்கப்படி, ரிஜெக்ட் செய்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பதால் ஒரு தாளைக் கிழித்துக் குறைகளை வரிசையாக எழுதி முனியன் கையில் கொடுத்தார். மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். காரில் ராணி தலையிலிருந்து மாம்பூவை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் சேர்த்துக்கொண்டே வந்தாள். திருவள்ளூர் தாண்டும் வரை இருதயராஜ் அவளைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அதற்கடுத்த வருஷம் ஐப்பசியில் ராணிக்கு வயிற்று வலி வந்தது. கணையத்தில் கட்டி என்றார்கள். மருந்தால் ஆவது ஒன்றுமில்லை, நாலைந்து மாசம் என்றார்கள். இருதயராஜ் அந்த ரிப்போர்ட்டை எங்கேயாவது அளவு தப்பியிருக்கும் என்று நாலு டாக்டரிடம் காட்டினார். எங்கேயும் தப்பவில்லை.

தை மாதம் ஒரு சாயங்காலம், கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டார்: "எங்கயாவது போகணும்னு இருக்கா ராணி? வேளாங்கண்ணி போலாமா?"

"அந்த மாந்தோப்புக்குப் போலாம். ஒரு ராத்திரி தங்கணும்."

டாக்டரைக் கேட்டார். வலி மாத்திரையை எடுத்துக்கொண்டு தாராளமாகப் போகலாம் என்றார் டாக்டர். "சீக்கிரம் போயிட்டு வாங்க" என்று இரண்டு தடவை சொன்னார். இருதயராஜ் முனியனுக்குப் போன் போட்டார். யாரென்று சொன்னதுமே முனியனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"லிஸ்ட்டு சாரா? நீங்க குட்த்த காகிதத்த செவுத்துல ஒட்டி வச்சிகீறோம் சார். எல்லாம் பண்ணியாச்சு. வெஸ்டன் கக்கூஸு வச்சாச்சு, கம்பி அட்ச்சாச்சு, வேலியும் போட்டாச்சு. தெகிரியமா அம்மாவ இட்டுகினு வாங்க."

வெள்ளிக்கிழமையே ராணி பை கட்டிவிட்டாள். ஒரு நைட்டி, ஒரு சால்வை, மாத்திரை டப்பா. எழுந்து நடக்கவே சுவரைப் பிடிக்கிறவள் அன்று பையைத் தானே கொண்டுவந்து வாசல் கதவோரம் வைத்தாள். "நாளைக்குக் காலைல போயிடலாம்" என்றாள்.

"நாளைக்கு நான் மட்டும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்குங்க? நான்தான் பாத்துட்டேனே."

"அன்னைக்கு நீ பாத்தது பொய். இன்னைக்கு உன் உடம்பு இருக்கிற இருப்புக்கு, போன்ல அவன் சொல்றத நம்பி எப்படி உன்னைக் கூட்டிட்டுப் போறது?"

ராணி அதற்கு மேல் கேட்கவில்லை. பையை அவிழ்க்கவும் இல்லை. அவர் சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் கொடுமை. மற்றவர்களுக்கு அன்பு வந்தால் கையைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த மனுஷனுக்கு அன்பு வந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சனிக்கிழமை காலை, எதிர்வீட்டு அகல்யாவை ராணிக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தன் வாழ்நாளில் அன்று பார்த்ததுபோல் அவர் எதையும் பார்த்ததில்லை. புதுத் தாழ்ப்பாளைப் பத்து தடவை போட்டுப் போட்டு எடுத்தார். பெண்கள் கழிப்பறையில் யாரும் இல்லாத நேரம் உள்ளே போய் உட்கார்ந்து, முட்டியில் பலமே இல்லாதவர்போல் கம்பியை மட்டும் பிடித்து எழுந்து பார்த்தார். மூன்று தடவை. கூடாரத்திலிருந்து அதுவரைக்கும் முப்பத்திரண்டு எட்டு. ராணியால் ஒரே மூச்சில் முடியாது என்று பாதி வழியில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். வாய்க்கால் ஓரத்தில் நாகவல்லி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தாள்.

"அம்மா அன்னிக்கி இங்கதான் குந்திகினு இருந்தாங்க சார். கால தண்ணில வுட்டுகினு."

"தண்ணிக்கு ரொம்பக் கிட்ட இருக்கும்மா" என்று டேப்பை வைத்து அளந்து, பத்தடி பின்னால் தள்ளிப் போட வைத்தார்.

போன் சிக்னல் மட்டும் தோப்புக்குள் இல்லை. ரோட்டோர கேட்டில்தான் கிடைத்தது. வேறு யாருக்காகவாவது இருந்தால் அந்த ஒன்றுக்கே ரிஜெக்ட் போட்டிருப்பார். ஒரு ராத்திரிதானே, ராணி என் பக்கத்தில் இருக்கும்போது எனக்கு யார் போன் பண்ணப் போகிறார்கள் என்று நினைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குறையைத் தெரிந்தே ஓகே என்று எழுதினார். பதினான்கும் ஓகே. மூன்று மணி நேரம் கழித்துக் கேட்டுக்கு வந்தபோது போனில் அகல்யாவின் பதினொரு அழைப்புகள் இருந்தன.

ராணி ரத்தமாக வாந்தி எடுத்திருந்தாள். பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நசரத்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே ஆல்டோ முக்கால் மணி நேரம் நகரவில்லை. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து.

கண் திறந்துதான் இருந்தாள். பக்கத்தில் குனிந்ததும் மெல்லக் கையைத் தூக்கி அவர் சட்டைக் காலரில் எதையோ எடுத்தாள். வெளியே போய்விட்டு வந்தால் எப்போதும் காலரைச் சரி செய்வாள், அதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

"எப்படிங்க இருந்துச்சு?"

இருதயராஜ் வேறு என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "பதினாலும் ஓகே ராணி. தாழ்ப்பாள் புதுசு. கம்பி நல்லா உறுதியா இருக்கு, நானே பிடிச்சு எந்திரிச்சுப் பாத்தேன். நடுவுல உனக்கு உக்கார நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். வேலி நாலடி..." ஒவ்வொன்றாக வாசித்தார். பதினான்கையும் ராணி பொறுமையாகக் கேட்டாள்.

"மாமரம் பூத்திருந்துச்சா?"

அவர் நோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மூன்று மணி நேரம் அந்த மரங்களுக்கு அடியில்தான் நடந்திருக்கிறார். கண்ணை மூடி யோசித்தால் கம்பி தெரிந்தது, தாழ்ப்பாள் தெரிந்தது, சிமெண்டு தெரிந்தது. மரம் தெரியவில்லை.

"பாக்கல ராணி" என்றார்.

அவளுடைய கை மூடியே இருந்தது.

"பரவால்ல" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் தெளிவாகப் பேசவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விட்டாள்.

வாசல் கதவோரம் இருந்த பையை முப்பது நாள் அவர் தொடவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், நோட்டும் டேப்பும் இல்லாமல், அந்தப் பையை மட்டும் எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு பூண்டிக்குப் போனார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் வீட்டில் உட்கார முடியவில்லை.

இந்தத் தடவை இறங்கியதும் அண்ணாந்து பார்த்தார். பூ எல்லாம் போய்விட்டிருந்தது. கிளைகளில் கோலி அளவுக்குப் பிஞ்சுகள் தொங்கின.

நாகவல்லி ஓடி வந்தாள். "வாங்க சார். அன்னிக்கி அட்ச்சி புட்ச்சி ஓடிட்டீங்க, அப்பால ஒரு போனும் காணோம். அம்மா எங்க, கார்ல கீறாங்களா?"

இருதயராஜ் கிளைகளைக் காட்டினார். "நான் அன்னைக்கு வந்தப்ப இதெல்லாம் பூத்திருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"இன்னா சார் இப்டி கேக்குறீங்க? இந்த வருசம் மாரி எந்த வருசமும் பூக்கல. நீங்க குனிஞ்சி அளந்துகினு கீறீங்க, உங்க தல மேல, சட்ட மேலெல்லாம் பூவு கொட்டிகினு கெடக்குது. தட்டிவுட சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள கௌம்பிட்டீங்க."

அவர் கை தானாகக் காலருக்குப் போனது. அப்படியானால் ராணி பார்த்திருக்கிறாள். அவர் குனிந்தபோது அவள் எடுத்தது மாம்பூ. மரம் பூத்ததா என்று தெரிந்துகொள்ள அவள் கேட்கவில்லை. பூ அவள் கையிலேயே இருந்தது. நீங்கள் பார்த்தீர்களா என்றுதான் கேட்டிருக்கிறாள். எட்டு வருஷம் ஊர் ஊராக அவளை இறக்கிவிட்டு, பார்த்துவிட்டு வா, பார்த்துவிட்டு வா என்று அனுப்பிய மனுஷனை, கடைசியில் அவள் ஒரே ஒரு தடவை அளந்து பார்த்திருக்கிறாள். அவர் தேறவில்லை. அதற்கும் பரவால்ல என்று பாஸ் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"அம்மா எங்க சார்?" என்று நாகவல்லி மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை குரலை இறக்கிக் கேட்டாள்.

"அவ வரேன்னுதாம்மா சொன்னா" என்றார் இருதயராஜ். "பை கட்டி வெச்சுட்டா. நான்தான் கூட்டிட்டு வரல."

சொல்லிவிட்டு, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று சத்தமாக அழுதார். முனியன் ஓடி வந்து அவர் தோளைப் பிடித்தான். நாகவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், பின்னால் தள்ளிக் கிடந்த நாற்காலிகளை வாய்க்கால் ஓரத்தில் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டாள்.